மீட்பு மந்திரம்: டிராகன் குவெஸ்ட் ஆட்டத்தில் முன்னேற்றம் காக்கப்பட்ட வரலாறு

டிராகன் குவெஸ்ட் என்பது 1986 மே 27 அன்று ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளிவந்த பாத்திரமேற்கும் வீடியோ கேம் ஆகும். எனிக்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. கதையையும் ஆட்ட அமைப்பையும் யூஜி ஹோரி வகுத்தார். கோய்ச்சி நகமுராவின் சுன்சாஃப்ட் நிறுவனம் நிரல் எழுதியது. அகிரா டோரியாமா உருவங்களை வரைந்தார். கோய்ச்சி சுகியாமா இசையமைத்தார்.

ஆட்டத்தின் தொடக்கத்தில் வீரன் கையில் ஆயுதம் கூட இல்லை. முடிவில் அவன் உலகை இருளில் ஆழ்த்திய டிராகன் வேந்தனை வெல்கிறான். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவை ஒரே அமர்வில் கடக்க முடியாது. பள்ளிவிட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம் ஆடும் சிறுவனுக்கு அது பல வாரப் பயணம். ஆனால் ஃபேமிகாமோ, மின்சாரத்தை நிறுத்தியதும் நடந்த எல்லாவற்றையும் மறந்துவிடும் கருவி. வாரக்கணக்கில் சேரும் முன்னேற்றத்தை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு முதல் இரண்டு டிராகன் குவெஸ்ட் ஆட்டங்கள் கண்ட விடை, ஒரு துண்டுத் தாளும் பென்சிலும்தான். மூன்றாவது ஆட்டம் அந்தத் தாளைக் கைவிட்டுக் கேசட்டுக்குள் ஒரு பேட்டரியை வைத்தது. தாளும் பேட்டரியும் தத்தம் வழியில் நம்பியவர்களைக் கைவிட்டன. அந்த வரலாறே இக்கட்டுரை.

லெவல் என்னும் எண்ணம்

கற்பனை உலகில் வீரன் படிப்படியாக வலுப்பெறுவதை எண்களால் அளக்கும் முறை வீடியோ கேம்களில் தோன்றியதன்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளியான டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் மேசை ஆட்டமே அதன் ஊற்று. லெவல், அனுபவப் புள்ளி, உயிர்ப் புள்ளி ஆகிய மூன்றும் அங்கிருந்தே பரவின. அந்த ஆட்டத்தில் முன்னேற்றத்தைக் காப்பது ஒரு சிக்கலே அல்ல. ஆடுபவர்கள் தம் பாத்திரத்தின் கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டனர். அடுத்த வாரம் அதே தாளுடன் வந்து அமர்ந்தால் போதும்.

கணினிக்கு இந்த ஆட்டமுறை வந்தபோது தாளின் இடத்தை நெகிழ்வட்டு பிடித்தது. 1981-இல் ஆப்பிள் II கணினிக்கு வந்த விசார்ட்ரி இதில் குறிப்பிடத்தக்கது. ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் ஆகியோர் எழுதிய அந்த ஆட்டம் ஈவிரக்கமற்றது. நிலவறையில் மாண்ட பாத்திரத்தை உயிர்ப்பிக்கும் முயற்சி தோற்றால் அது சாம்பலாகும். சாம்பலிலிருந்து மீட்கும் முயற்சியும் தோற்றால் அது என்றென்றைக்கும் இல்லாமல் போகும். ரிச்சர்ட் கேரியட்டின் அல்ட்டிமா ஆட்டங்கள் மாறாக ஒரு பரந்த நிலப்பரப்பைக் காட்டின. ஆனால் விசைப்பலகையின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு செயல் இருந்தது. அவற்றை மனப்பாடம் செய்தவருக்கே அந்த உலகம் திறந்தது.

யூஜி ஹோரி அப்போது இதழ்களுக்கு எழுதிப் பிழைத்த ஒரு சுதந்திர எழுத்தாளர். எனிக்ஸ் 1982-இல் நடத்திய நிரல் எழுதும் போட்டியில் அவருடைய டென்னிஸ் ஆட்டமும், இளைஞரான நகமுராவின் டோர் டோர் என்னும் ஆட்டமும் பரிசு பெற்றன. இருவரும் 1983-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கணினிக் கண்காட்சிக்குச் சென்றனர். அங்கே கண்ட விசார்ட்ரி அவர்களைப் பற்றிக்கொண்டது. பின்னர் இருவரும் சேர்ந்து, ஹோரியின் போர்ட்டோபியா என்னும் துப்பறியும் ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றினர். அதன் நிலவறைப் பகுதியில் விசார்ட்ரியைக் குறும்பாக நினைவூட்டும் சுவரெழுத்து ஒன்றையும் வைத்தனர். அடுத்து வந்தது டிராகன் குவெஸ்ட்.

பூட்டிய அறை

ஃபேமிகாமின் கைப்பிடியில் திசைப் பொத்தானோடு செயல் பொத்தான்கள் இரண்டு மட்டுமே உண்டு. அதை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் மரியோ போன்ற ஓடித் தாவும் ஆட்டங்களுக்குப் பழகிய சிறுவர்கள். லெவல் என்றால் என்ன, அனுபவப் புள்ளி எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஹோரி இதற்குச் செய்த ஏற்பாடு, ஆட்டத்தின் முதல் அறையிலேயே இருக்கிறது. வீரன் ராடாடோம் கோட்டையில் மன்னரின் முன் நிற்கிறான். அறைக் கதவு பூட்டியிருக்கிறது. அறையிலுள்ள பெட்டிகளைத் திறந்தால் 120 பொன்னும் ஒரு தீப்பந்தமும் ஒரு சாவியும் கிடைக்கும். சாவியைக் கொண்டு கதவைத் திறந்து, படிக்கட்டில் நின்று 'படி' என்னும் கட்டளையைத் தேர்ந்தெடுத்தால்தான் வெளியே செல்ல முடியும். எடுத்தல், திறத்தல், இறங்குதல் ஆகிய ஆட்டத்தின் அடிப்படைச் செயல்களைப் பழகாமல் அந்த அறையைவிட்டு யாரும் வெளியேற முடியாது. விளக்கக் கையேட்டைப் பிரித்தே பார்க்காத சிறுவனுக்கும் அந்த அறை பாடம் நடத்திவிடும். ஓர் ஆட்டம் தன்னைத்தானே கற்பிக்கும் முறைக்கு இதைவிடச் சிக்கனமான எடுத்துக்காட்டு அக்காலத்தில் அரிது.

கோட்டையைவிட்டு வெளியே வந்ததும் இன்னொன்று கண்ணில் படும். குறுகிய நீர்ப்பரப்புக்கு அப்பால் டிராகன் வேந்தனின் கோட்டை தெரிகிறது. எட்டிப் பிடிக்கும் தொலைவுதான். ஆனால் கடக்கப் பாலம் இல்லை. அந்த நீரைக் கடப்பதற்காக நாட்டையே சுற்றி வர வேண்டும்: ஊர்ஊராகச் சென்று பேசி, சூரியக் கல்லையும் மழைக் கோலையும் தேடி, சதுப்புநிலத்தில் புதைந்த முன்னோன் லோட்டோவின் சின்னத்தைக் கண்டெடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு வானவில் துளியைப் பெற்று, ரிமுல்டார் ஊருக்கு மேற்கேயுள்ள முனையில் நின்று பாலம் எழுப்ப வேண்டும். இலக்கு முதல் நிமிடத்திலேயே கண்முன் நிற்கிறது. அதை அடையும் தகுதிதான் இல்லை.

தகுதியின் கணக்கும் தெளிவாக இருந்தது. கோட்டையைச் சுற்றித் திரியும் ஸ்லைம் என்னும் நீலநிறத் துளியைக் கொன்றால் 1 அனுபவப் புள்ளி கிடைக்கும். இரண்டாம் லெவலுக்கு 7 புள்ளிகள் தேவை. மூன்றுக்கு மொத்தம் 23, நான்குக்கு 47, ஐந்துக்கு 110, பத்துக்கு 2,000. மூன்றாம் லெவலில் காயம் ஆற்றும் ஹோய்மி மந்திரம் கைவரும். அடுத்த லெவலுக்கு இன்னும் எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பதை மன்னரே சொல்லிவிடுவார். பாலங்களைக் கடக்கக் கடக்க அரக்கர்கள் வலுப்பெறுவர்; வேகமாகத் தப்பி ஓடும் உலோக ஸ்லைம் ஒன்றை வீழ்த்திவிட்டால் ஒரேயடியாக 115 புள்ளிகள்.

ஆயுதங்களுக்கும் அப்படித்தான். மூங்கில் கழி 10 பொன், செம்பு வாள் 180 பொன், வெள்ளிக் கேடயம் 14,800 பொன். கடைசித் தொகை, ஃபேமிகாம் கருவி 1983-இல் விற்பனைக்கு வந்தபோது அதற்கிருந்த விலையான 14,800 யென்னுடன் பொருந்துகிறது. தற்செயலா, குறும்பா என்பதை வாசகர் முடிவுக்கு விடலாம்.

ஹோரி எடுத்த முடிவுகளில் பெரியது சாவைப் பற்றியது. விசார்ட்ரியில் சாவு எல்லாவற்றையும் பறிக்கக்கூடும். டிராகன் குவெஸ்டில் மாண்டவன் மன்னர் முன் மீண்டும் உயிர்பெற்று எழுகிறான். மன்னர் கடிந்துகொள்கிறார், கையிலிருந்த பொன்னில் பாதி போய்விடுகிறது. ஆனால் சேர்த்த அனுபவப் புள்ளியில் ஒன்றுகூடக் குறைவதில்லை. அதாவது, தோற்றவரும் முன்பைவிடச் சற்றேனும் முன்னேறியிருப்பார். விரல் வேகம் இல்லாதவர், தாவத் தெரியாதவர், அவர்களின் தாய்மார்கள் கூட, பொறுமையாக நேரம் செலவிட்டால் இந்த ஆட்டத்தை முடித்துவிடலாம். இதைச் சிலர் வெறும் செக்குமாட்டு உழைப்பு என்று குறை கூறுவதுண்டு. அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. பத்தாம் லெவலுக்குப் பிறகு ஒரே புல்வெளியில் ஒரே அரக்கனை ஐம்பது முறை கொல்வது எவருக்கும் இன்பமாக இராது. என்றாலும், நேரம் கொடுத்தவருக்கு அதற்கேற்ற பலன் உறுதியாகக் கிடைக்கும் என்ற உடன்படிக்கையே அந்த ஆட்டத்தைப் பரவலாக்கியது. உடன்படிக்கை நிற்க வேண்டுமானால், அந்த நேரம் எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும்.

இருபது எழுத்துகள்

ஃபேமிகாமின் செயல் நினைவகம் 2 கிலோபைட். மின்சாரம் நின்றால் அதுவும் வெறுமையாகிவிடும். 1986 பிப்ரவரியில் நிண்டெண்டோ வெளியிட்ட வட்டுக் கருவியில் ஆட்ட நிலையை எழுதி வைக்க முடிந்தது. செல்டா ஆட்டம் அப்படித்தான் வந்தது. ஆனால் அதற்குத் தனியே ஒரு கருவி வாங்க வேண்டும். டிராகன் குவெஸ்ட் கேசட்டாகவே வந்தது. (ஜப்பானியச் சிறுவர்களும் அதைக் 'கசெட்டோ' என்றே அழைத்தனர். தொண்ணூறுகளில் நம் ஊரில் விற்ற போலிக் கருவிகளின் வழியே அதே சொல் நமக்கும் பழக்கமானது.)

அந்தக் கேசட்டின் கொள்ளளவு 64 கிலோபைட். அதற்குள் உலகம், அரக்கர்கள், இசை, உரையாடல் அத்தனையும் அடங்க வேண்டியிருந்தது. ஜப்பானிய மொழியில் அயற்சொற்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்துகளில் 20 மட்டுமே இடம்பெற்றன. எனவே அரக்கர்களின் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் மந்திரங்களின் பெயர்களும் அந்த இருபதுக்குள் அமையுமாறு தேர்ந்தெடுக்கப்பட்டன. ஸ்லைம், கோஸ்ட், ராடாடோம், ஹோய்மி, ரூலா எல்லாம் அந்த நெருக்கடியில் பிறந்த பெயர்களே. வீரனின் உருவம் எத்திசையில் நடந்தாலும் ஆடுபவரையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கவாட்டிலும் பின்புறத்திலும் தெரியும் படங்களுக்கு இடமில்லை. நண்டு நடை என்று அதைக் கேலி செய்தனர். யாரிடமாவது பேச வேண்டுமானால் வடக்கா, தெற்கா, கிழக்கா, மேற்கா என்று திசையையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

முன்னேற்றத்தைக் காக்க அமைந்த வழிக்கு 'ஃபுக்காட்சு நோ ஜுமொன்' என்று பெயர். உயிர் மீட்கும் மந்திரம் என்பது பொருள். ராடாடோம் மன்னரிடம் சென்று பேசினால் அவர் இருபது ஹிரகானா எழுத்துகள் கொண்ட ஒரு மந்திரத்தைச் சொல்வார். ஆடுபவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டு கருவியை அணைக்கலாம். மறுநாள் அதே மந்திரத்தை உள்ளிட்டால் வீரன் மன்னர் முன் மீண்டும் நிற்பான். இருபது எழுத்துகளும் ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று என்று பிரிந்து திரையில் தோன்றும். ஐந்து-ஏழு-ஐந்து என்பது ஹைக்கு கவிதையின் அளவு. பொருளற்ற எழுத்துக் கோவைக்கும் ஜப்பானியக் காதுக்குப் பழகிய ஒரு சந்தம் இதனால் கிடைத்துவிடுகிறது.

மந்திரத்திற்குள் உண்மையில் இருந்தது வீரனின் கணக்குப் புத்தகம். பயன்படுத்தப்பட்ட ஹிரகானா எழுத்துகள் 64. எனவே ஒவ்வோர் எழுத்தும் 6 பிட் தகவலைச் சுமக்கும். இருபது எழுத்துகளுக்கு 120 பிட். இதற்குள் நான்கெழுத்துப் பெயர், அனுபவப் புள்ளி, பொன், ஆயுதம், கவசம், கையிருப்புப் பொருள்கள், கதையில் முடித்த சில கட்டங்கள் ஆகியவை அடங்கின. இடம் போதாததால் தேவையற்ற எதுவும் எழுதப்படவில்லை. லெவல் என்ன என்பதுகூட மந்திரத்தில் இல்லை. அனுபவப் புள்ளியிலிருந்து அதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம் அல்லவா. வீரனின் வலிமையும் வேகமும் தனியே எழுதப்படவில்லை. அவை லெவலையும், சூட்டிய பெயரின் எழுத்துகளையும் பொறுத்து அமைந்தன. ஒரே லெவலில் இரு சிறுவர்களின் வீரர்கள் சற்று வேறுபட்டிருந்தது இதனால்தான். அனுபவப் புள்ளிக்கு 16 பிட் ஒதுக்கப்பட்டதால் அதன் உச்சம் 65,535.

கடைசியாக, எழுத்துகள் சரிதானா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண்ணும் உள்ளே மறைந்திருந்தது. யாரும் ஊகித்து எழுதிவிடாமல் தடுக்க அது உதவியது. நேர்மையாக ஆடியவரும் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் அதே எண்தான் அவரையும் வாசலில் நிறுத்தியது. 'மந்திரம் தவறு' என்ற ஒற்றை வரி திரையில் தோன்றும். எந்த எழுத்து தவறு என்று அது சொல்லாது.

தவறு நேர வாய்ப்புகள் ஏராளம். அக்காலத் தொலைக்காட்சித் திரையில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஹிரகானாவில் 'நு'வும் 'மெ'யும் கடைசிச் சுழியில்தான் வேறுபடும். 'நெ', 'ரெ', 'வா' மூன்றும் உடன்பிறப்புகள் போல் இருக்கும். 'ரு'வுக்கும் 'ரோ'வுக்கும் இடையே ஒரு சிறு சுழிதான் வேறுபாடு. தமிழில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் இடையே பழைய ஏடுகளைப் படிப்போர் படும் பாட்டை அறிந்தவர்க்கு இந்தத் துன்பம் புரியும். ஏடு படிப்பவராவது சொற்பொருளைக் கொண்டு எழுத்தை ஊகிக்கலாம். மந்திரத்திற்குப் பொருளே இல்லையே.

அதனால் அனுபவசாலிகள் மந்திரத்தை இருமுறை எழுதினர். ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்த்தனர். தேதியும் லெவலும் குறித்துப் பழைய மந்திரங்களையும் அழிக்காமல் வைத்திருந்தனர்; புதியது பொய்த்தால் முந்தைய நாளுக்காவது திரும்பலாம். ஆட்டத்தின் முன்னேற்றம் இப்படி ஒரு நோட்டுப்புத்தகத்தில் வரிவரியாகத் தேங்கியது. அதை நண்பனுக்குப் படித்துக் காட்டினால் அவன் வீட்டுத் திரையிலும் அதே வீரன் எழுந்து நிற்பான். முன்னேற்றம் கருவிக்குச் சொந்தமானதாக இல்லை. எழுதிவைத்தவருக்குச் சொந்தமானதாக இருந்தது.

டிராகன் வேந்தன் தரும் மந்திரம்

கடைசிக் கட்டத்தில் ஹோரி இந்த மந்திரத்தையே ஒரு பொறியாக மாற்றினார். டிராகன் வேந்தன் போருக்கு முன் வீரனிடம் பேரம் பேசுகிறான்: தன் பக்கம் சேர்ந்தால் உலகில் பாதியைத் தருவதாகச் சொல்கிறான். ஆடுபவர் 'ஆம்' என்று ஒப்புக்கொண்டால், அவனும் மன்னரைப் போலவே ஒரு மீட்பு மந்திரத்தைச் சொல்கிறான். பயணம் அங்கேயே முடிந்துவிடும். அந்த மந்திரத்தை உள்ளிட்டால் எழுபவன், அனுபவமும் பொன்னும் ஏதுமற்ற முதல் லெவல் வீரன்.

இதை நன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். வீரன் சாவதைக் காட்டிலும் கொடிய தண்டனை இது. செத்தால் பாதிப் பொன்தான் போகும். இங்கே வாரக்கணக்கான உழைப்பு முழுவதும் போகிறது. மந்திரம் என்றால் முன்னேற்றத்தைக் காப்பது என்று அதுவரை ஆடுபவருக்கு ஏற்பட்டிருந்த நம்பிக்கையை வேந்தன் திருடிப் பயன்படுத்துகிறான். மன்னர் தந்த பழைய மந்திரத்தைத் தூக்கி எறியாதவர் மட்டும் தப்பினார். அமெரிக்கப் பதிப்பில் இந்த மந்திரம் இல்லை. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

ஐம்பத்திரண்டு எழுத்துகள்

முதல் ஆட்டம் சுமார் 15 லட்சம் படிகள் விற்றது. ஹோரி எழுதிவந்த ஷோனென் ஜம்ப் வார இதழின் பக்கங்கள் அதன் பரவலுக்குப் பெரிதும் உதவின. எட்டு மாதங்களில், 1987 ஜனவரி 26 அன்று, டிராகன் குவெஸ்ட் II வந்தது. இம்முறை வீரர்கள் மூவர்: லோரேசியா இளவரசன், சமல்ட்டோரியா இளவரசன், மூன்புரூக் இளவரசி. மூவருக்கும் தனித்தனி அனுபவம், தனித்தனிப் பொருள்கள். கணக்கு பெருத்தது, மந்திரமும் பெருத்தது. ஆட்டத்தின் பிற்பகுதியில் அது 52 எழுத்துகள் வரை நீண்டது. புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்தது: ஒரே எழுத்தின் மேல் இரு சிறு கோடுகள் இருந்தால் ஓர் ஒலி, சிறு வட்டம் இருந்தால் மற்றோர் ஒலி. கலங்கிய திரையில் கோட்டையும் வட்டத்தையும் பிரித்தறிவது கண்ணுக்கு வைத்த சோதனை.

இரண்டாம் ஆட்டம் கடினமானதும் கூட. இறுதிக்கு முன்புள்ள ரோண்டார்க்கியா குகை, கண்ணுக்குத் தெரியாத படுகுழிகளும் வந்த வழிக்கே திரும்பும் பாதைகளும் நிறைந்தது. அதைத் தாண்டிப் பனிபடர்ந்த மேட்டுநிலத்துக்கு வந்தால், ஒரே மந்திரத்தில் குழுவினரை மாய்க்கும் அரக்கர்கள் காத்திருப்பர். அங்கேயுள்ள ஒரு சிறு கோவிலில் மூச்சுவாங்கி மீட்பு மந்திரம் பெறலாம். ரோண்டார்க்கியாவைத் தாண்டிய களிப்பில் அவசரமாக எழுதிய 52 எழுத்துகளில் ஒன்று பிழையானால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மந்திரம் உள்ளிடும் திரையில் ஒலித்த மெல்லிசை, 'லவ் சாங் சகாஷிதே' என்ற பெயரில் பாடகி அன்னா மகினோ பாடிய பாடலாகவும் வெளிவந்தது. ஒரு தலைமுறை அந்த இசையை மனம் மறக்காமல் கேட்டதற்கு, மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உள்ளிட்டுப் பார்க்க நேர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கும்.

மந்திரத்தின் நீளமே ஒரு வேடிக்கைக்கும் இடமளித்தது. ஷோனென் ஜம்ப் இதழின் வீடியோ கேம் பகுதியில் பணியாற்றியோரின் புனைபெயர்களோடு யூஜி ஹோரி, அகிரா டோரியாமா பெயர்களையும் வரிசையாக எழுதி, மீதி இடத்தை 'பெ' என்ற ஒரே எழுத்தால் நிரப்பினால், அது செல்லுபடியாகும் மந்திரமாகிவிடுகிறது. அதை உள்ளிட்டால் உச்சரிக்கவே முடியாத 'மோயோமோதோ' போன்றதொரு பெயருடன் 48-ஆம் லெவல் இளவரசன் எழுந்து நிற்பான். உழைக்காமல் கிடைத்த முன்னேற்றம். ஜப்பானில் இன்றும் பலருக்கு மனப்பாடமான மந்திரம் இதுதான். தாம் வியர்வை சிந்திச் சேர்த்த 52 எழுத்துகளை நினைவில் வைத்திருப்பவர் எவரேனும் இருப்பரா என்பது ஐயமே.

பேட்டரியும் சாகசப் புத்தகமும்

மூன்றாவது ஆட்டம் 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை வெளிவந்தது. இதில் நான்கு பேர் கொண்ட குழுவை ஆடுபவரே அமைக்கலாம். வீரன், மந்திரவாதி, துறவி, வணிகர் எனத் தொழில்கள் உண்டு. இடையில் தொழில் மாறலாம். குழுவில் இல்லாதோர் மதுவிடுதியில் காத்திருப்பர். இத்தனையையும் மந்திரத்தில் அடக்குவது கைகூடாத காரியம். ஆகவே கேசட்டுக்குள் ஒரு சிறு நினைவகச் சில்லும், அதற்கு உயிர்கொடுக்க ஒரு லித்தியம் பேட்டரியும் பொருத்தப்பட்டன. மன்னர் இனி மந்திரம் சொல்வதில்லை. 'சாகசப் புத்தகத்தில்' எழுதிக்கொள்கிறார். ஒரு கேசட்டில் மூன்று புத்தகங்கள். அண்ணன், தம்பி, தந்தை ஆகியோர் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். கேசட்டின் கொள்ளளவு 256 கிலோபைட்டாக உயர்ந்தும் இடம் போதவில்லை. முதலிரு ஆட்டங்களில் முரசறைந்து வரவேற்ற தலைப்புத் திரை, இதில் இசையற்ற கறுப்புப் பின்னணியில் வெறும் எழுத்தாகச் சுருங்கியது.

வெளியீட்டு நாளில் கடைகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. பள்ளிக்குச் செல்லாமல் வரிசையில் நின்ற மாணவர்களைக் காவலர்கள் பிடித்து அறிவுரை கூறி அனுப்பிய செய்தி நாளிதழ்களில் வந்தது. வேலைநாளில் டிராகன் குவெஸ்ட் வெளியிடக்கூடாது என ஜப்பானில் சட்டம் உண்டு என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அப்படியொரு சட்டம் இல்லை. நான்காம் ஆட்டம் 1990 பிப்ரவரி 11 ஞாயிற்றுக்கிழமை வந்தது என்பது உண்மை. அதைச் சட்டமாக்கியது வாய்மொழிக் கற்பனை. மூன்றாம் ஆட்டம் ஜப்பானில் சுமார் 38 லட்சம் படிகள் விற்றது.

தாளில் பிழையாக எழுதும் துன்பம் ஒழிந்தது என்று எல்லோரும் எண்ணினர். ஆனால் பேட்டரி வேறு வகையில் கைவிட்டது. கருவியை அணைக்கும்போது மீளமை பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மறந்தால், அல்லது கேசட்டைச் சற்று ஆட்டினால், அல்லது இணைப்பு முனைகளில் அழுக்கு சேர்ந்தால், நினைவகத்தில் உள்ளவை குலையக்கூடும். அடுத்தமுறை ஆட்டத்தைத் தொடங்கும்போது, சபிக்கப்பட்ட ஆயுதத்தை அணிந்தால் ஒலிக்கும் அச்சமூட்டும் இசை ஒலிக்கும். வருத்தத்துடன் தெரிவிக்கிறோம், இந்த எண் சாகசப் புத்தகம் அழிந்துவிட்டது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். தன் பிழை என்ன என்று சிறுவனுக்குத் தெரியாது. தேடிப்பார்க்கப் பழைய நோட்டுப்புத்தகமும் இல்லை.

இரண்டையும் ஒப்பிட்டால் இக்கட்டுரையாளருக்குத் தாளே மேலானதாகத் தோன்றுகிறது. தாளில் நேர்ந்த இழப்பு ஆடுபவரின் கண்ணாலோ கையாலோ நேர்ந்தது; அடுத்தமுறை கவனமாக இருக்க முடியும். முந்தைய நாளின் மந்திரம் மேலுள்ள வரியிலேயே இருக்கும். பேட்டரியில் நேர்ந்த இழப்பிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் 52 எழுத்துகளைத் திணறித் திணறி உள்ளிட்ட அன்றைய பத்து வயதுச் சிறுவரிடம் கேட்டால் அவர் பேட்டரியின் பக்கம்தான் நின்றிருப்பார் என்பதையும் மறுப்பதற்கில்லை.

கடல் கடந்த பதிப்பு

முதல் ஆட்டம் 1989 ஆகஸ்டில் டிராகன் வாரியர் என்ற பெயரில் வட அமெரிக்கா சென்றது. நிண்டெண்டோவே அதை வெளியிட்டது. மூன்றாண்டு தாமதத்தால் தொழில்நுட்பம் முன்னேறியிருந்தது. எனவே வீரன் நடக்கும் திசையில் திரும்பினான். மந்திரத்துக்குப் பதிலாகப் பேட்டரி வந்தது. மக்கள் பேச்சு பழங்கால ஆங்கிலத்துக்கு மாறியது. மன்னர் மந்திரம் சொல்லாத உலகில் டிராகன் வேந்தன் மட்டும் எப்படிச் சொல்வான்? அவனுடைய பேரத்துக்கு இணங்கினால் ஆட்டம் அப்படியே உறைந்து நின்றது. கருவியை அணைத்துவிட்டு, சேமித்த இடத்திலிருந்து தொடங்கினால் ஆயிற்று. பாதி உலகத்துக்கு ஆசைப்பட்டவர் அங்கே முழுவதையும் இழக்கவில்லை. எதிர்பார்த்த அளவு விற்காத கேசட்டுகளை நிண்டெண்டோ தன் இதழுக்குச் சந்தா கட்டியோருக்கு இலவசமாக வழங்கியது. அமெரிக்கச் சிறுவர் பலர் அனுபவப் புள்ளி என்பதை முதன்முதலில் அறிந்தது அப்படி வந்த கேசட்டில்தான்.

பின்னர் வந்த பகுதிகளில் மந்திரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. முதல் மூன்று ஆட்டங்களும் இப்போது புது வடிவம் பெற்றுள்ளன: மூன்றாவது 2024 நவம்பர் 14 அன்றும், முதலிரண்டும் ஒன்றாக 2025 அக்டோபர் 30 அன்றும் வெளிவந்தன. அவற்றில் ஆட்ட நிலை தானாகவே சேமிக்கப்படுகிறது.

1988-இன் கேசட்டுகளில் இருந்த பேட்டரிகளுக்கோ ஆயுள் முடிந்துவருகிறது. பேட்டரி தீர்ந்த கேசட்டில் சாகசப் புத்தகம் தங்குவதில்லை. பற்றவைத்துப் புதிய பேட்டரி மாற்றினாலும் பழைய புத்தகம் திரும்புவதில்லை. ஆனால் 2017 ஜூலை 29 அன்று ஜப்பானில் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் XI மீட்பு மந்திரத்தை மீண்டும் கொண்டுவந்தது. புதிய மந்திரங்களோடு, ஃபேமிகாம் காலத்து முதலிரு ஆட்டங்களின் மந்திரங்களையும் அது ஏற்றுக்கொண்டது. பழைய கதை விட்ட இடத்திலிருந்து தொடராது. புதிய பயணத்தின் தொடக்கத்தில் சிறு உதவிதான் கிடைக்கும். இருந்தாலும், முப்பதாண்டுகளுக்கு முன் பென்சிலால் எழுதப்பட்டுப் பரணில் கிடந்த ஒரு தாளை எடுத்து, இருபது எழுத்துகளையும் பிழையின்றி உள்ளிட்டவருக்கு, 'மந்திரம் தவறு' என்ற வரி அம்முறை தோன்றவில்லை.